இடப்பக்க வாட்டம்

எங்கள் தெருவில் பதினான்கு வீடுகள். மேற்கே பிள்ளையார் கோவில் பக்கம் மேடு, கிழக்கே இடிந்த பாலத்துப் பக்கம் பள்ளம். மேட்டிலிருந்து எண்ணினால் எங்கள் வீடு மூன்றாவது, மாடத்தி வீடு கடைசி. பதினான்கு வீட்டுத் தண்ணீரும் தெருவோர வாறுகாலில் இறங்கி, குப்பையையும் சோப்பு நுரையையும் தள்ளிக்கொண்டு மாடத்தி வீட்டுச் சுவரோரம் வந்து, பாலம் இடிந்த பிறகு அதற்கப்பால் போக வழியில்லாததால், அங்கேயே தேங்கி மண்ணுக்குள் இறங்கிவிடும். தண்ணீர் மட்டும் இறங்கிய காலம் வரைக்கும் அதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை.

என் மனைவி சண்முகத்தாய் பழைய குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் கம்பி வைத்து, நாற்பத்தொரு நாள் கழித்து வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீடு வந்தாள். குளியலறையை மாற்றாவிட்டால் மறுபடியும் விழுவார்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தரைக்கு வழுக்காத கல், உட்காருகிற கழிப்பறை, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி, வெளிப்பக்கம் திறக்கிற கதவு என்று அவர் சொன்ன நான்கையும் நான் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து டைல்ஸ் கடையில் பதினோரு விதமான தரைக்கல்லைக் கீழே போடச் சொல்லி, ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊற்றி, செருப்பைக் கழற்றி, முதலில் வலது கால், பிறகு இடது கால், பிறகு சோப்புத் தண்ணீரில் இரண்டு காலும் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். கடைக்காரப் பையன்கள் சிரித்தார்கள். "அண்ணாச்சி, டைல்ஸ் எடுக்க வந்தீகளா, டான்ஸ் ஆட வந்தீகளா?" என்றார் முதலாளி. எனக்குக் காதெல்லாம் சுட்டது. ஆனாலும் பதினொன்றையும் பார்த்து முடித்துவிட்டுத்தான் செருப்பைப் போட்டேன். நான்கு வழுக்கியது. ஏழு மிஞ்சியது.

அந்த ஏழிலும் ஒவ்வொரு மாதிரித் துண்டு வாங்கி வந்து, சண்முகத்தாய் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு எதிரே சுவரோரம் சாய்த்து வைத்தேன். சாம்பல், மணல், செங்கல் நிறம், பச்சை, கருப்பில் வெள்ளைப் புள்ளி, வெள்ளையில் கருப்புப் புள்ளி, கடைசியாக ஒரு நீலம். அவள் பார்த்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது.

"உங்களுக்கு எது பிடிக்குதோ அத எடுங்க."

ஆறு வருடமாக எல்லாவற்றுக்கும் அவளிடம் இருந்த பதில் அது ஒன்றுதான். எங்கள் ஒரே மகன் தளவாய், சாத்தூர் போகிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய், லாரியில் அடிபட்டு, இருபத்திரண்டு வயதில் செத்துப்போன நாளிலிருந்து, இட்லியா தோசையா என்று கேட்டாலும், சிவப்புச் சேலையா ஊதாவா என்று கேட்டாலும், உங்களுக்கு எது பிடிக்குதோ. நான் சாம்பலை எடுத்தேன். ஆறடிக்கு ஒன்பதடி அறை, ஓரடிக் கல், ஐம்பத்து நான்கு.

ஞானமுத்து கொத்தனார் பழைய தரையை உடைத்துப் போட்டுவிட்டு, ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குத்தவைத்தபடி வாசலைப் பார்த்துக் கேட்டார்:

"அக்கா, வாட்டம் எந்தப் பக்கம்?"

கொத்தனார் கேட்டது தரையின் சாய்மானத்தை. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்பதை. அவர்கள் தொழிலில் அதற்கு வாட்டம் என்றுதான் பெயர். சண்முகத்தாய் அதைத் தன் முகவாட்டத்தையும் மனவாட்டத்தையும் கேட்டதாக எடுத்துக்கொண்டாள். ஆறு வருடத்தில் யாரும் அவளிடம் அப்படி நேராகக் கேட்டதில்லை, நான் உட்பட. அவள் அவரையே பார்த்தாள். பிறகு வலது கையைத் தூக்கி, நெஞ்சின் இடப்பக்கம் வைத்தாள்.

"இடப்பக்கமா? சரிக்கா" என்றார் ஞானமுத்து.

நான் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டு பேரும் வேறு வேறு பேசுகிறார்கள் என்பது எனக்குத் தெரிந்தது. பழைய வாட்டம் வலப்பக்கம், கொல்லையில் வாழைக்குப் போவது. இடப்பக்கம் விட்டால் தெரு வாறுகாலுக்குப் போகும் என்பதும் தெரிந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கை நெஞ்சிலேயே இருந்ததைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

ஞானமுத்து அடிக்குக் கால் இஞ்சு இறக்கம் வைத்து, இடப்பக்க மூலையில் தண்ணீர் இறங்குகிற ஓட்டைக்கு ஸ்டீல் ஜாலி வைத்து, ஐம்பத்து நான்கு கல்லையும் நான்கு நாளில் ஒட்டி முடித்தார். ஒரு கப் தண்ணீரை நடுவில் ஊற்றினார். அது ஒரு சொட்டு கூடப் பின்தங்காமல், கூப்பிட்ட மாதிரி மூலைக்குப் போய் இறங்கியது. "இப்பிடி ஒரு வாட்டம் எனக்கே அமைஞ்சதில்ல அண்ணாச்சி" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சண்முகத்தாய் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய் முக்காலியில் உட்கார்ந்தாள். நான் கதவுக்கு வெளியே நின்று எண்ணினேன். எட்டுக் கப் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கதவை இழுத்துத் திறக்கலாமா என்று கையை வைத்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னங்க, இந்தக் குழாய் நல்லா இல்ல. திருகத் திருக வெரலு வலிக்கு. நீட்டுக் கைப்பிடி வச்சதா மாத்துங்க."

ஆறு வருடத்துக்குப் பிறகு அவள் நல்லா இல்லை என்று சொன்ன முதல் பொருள் அந்தக் குழாய். நான் ஈரக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்றிலிருந்து கண்ணாடி நான்கு விரல் இறங்கியது, சோப்புத் தட்டு இடம் மாறியது. சுவரில் பூப்போட்ட பட்டை ஒரு வரிசை வேண்டுமென்றாள், ஒட்டினோம். பூ வெளிறி இருக்கிறது என்றாள், பிய்த்துவிட்டு வேறு ஒட்டினோம். "நீங்க எடுத்த கலர்ல தரை முழுக்கச் சாம்பலாக் கெடக்கு, சுடுகாட்டுல குளிக்க மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள்.

ஐந்தாம் வீட்டுத் தெய்வானை குளியலறையைப் பார்க்க வந்தவள், காலைக் கழுவிக்கொள்கிறேன் என்று உள்ளே போய், ஓடிப்போன புருஷனைப் பற்றிய பதினெட்டு வருட வேதனை பாதம் வழியாக இறங்கி ஜாலிக்குள் போவதைப் பார்த்தாள். பார்த்தேன் என்றுதான் அவள் சொன்னாள். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருந்ததாம். மறுநாள் ஆறு பேர் வந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் முப்பத்தொரு பேர். எங்கள் தெரு இந்த மாதிரிக் காரியத்துக்கு ரொம்ப நேரம் வாய் பிளந்து நிற்கிற தெரு இல்லை. காலை ஏழு மணி சண்முகத்தாய்க்கு, எட்டிலிருந்து பன்னிரண்டு பெண்களுக்கு, மூன்றிலிருந்து ஐந்து ஆண்களுக்கு என்று தெய்வானையே முறை வைத்தாள். சோப்புப் போடக்கூடாது, துண்டு அவரவர் கொண்டுவர வேண்டும், ஆளுக்கு நான்கு கப்தான் என்றும் சட்டம் போட்டாள். "கவலை இல்லாதவன்லாம் வரப்புடாது, சும்மா குளிக்கிறதுக்கு உங்க வீட்ல பைப்பு இருக்குல்லா?" என்று வாசலில் நின்று அவள் ஆளைத் தரம் பிரித்தாள்.

ஒன்பது வீட்டுக்காரர்கள் அதே கடைக்குப் போய், அதே சாம்பல் கல், அதே நீட்டுக் கைப்பிடிக் குழாய், அதே பூப்பட்டை வாங்கித் தங்கள் குளியலறையிலும் ஒட்டினார்கள். கடைக்காரர் எங்கள் தெருப் பெயரைப் போட்டு, மேட்டுத்தெரு டைல்ஸ் இங்கே கிடைக்கும் என்று போர்டு வைத்தார். அந்த ஒன்பது அறையிலும் தண்ணீர் மட்டும்தான் போனது. "கல்லுல ஒண்ணுமில்ல, வாட்டத்துல இருக்கு" என்றார் ஞானமுத்து. அதனால் அவரைக் கூட்டிப் போய், வாட்டம் எந்தப் பக்கம் என்று கேட்கச் சொல்லி, கேட்டதும் தயாராக நெஞ்சில் கையை வைத்தார்கள். அதுவும் பலிக்கவில்லை. தெரியாமல் வைத்த கைக்கும் தெரிந்து வைத்த கைக்கும் தரைக்கு வித்தியாசம் தெரிந்திருந்தது.

நானும் குளித்தேன். நான்காம் நாள், மூன்றே கப். வெளியே வந்து கூடத்தில் தளவாயின் படத்தைப் பார்த்தேன். படம் படமாக இருந்தது. அப்பாடா என்று இருந்தது. அதை எழுதுவதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இத்தனை பேர் குளித்தால் வாறுகால் அடைக்காதா என்று எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. பதினோராம் நாள் காலை, எங்கள் வீட்டுக் குழாய் விழுகிற இடத்திலிருந்து தண்ணீரோடு கூடவே நடந்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு வைத்தபோது மாடத்தி வீட்டுச் சுவர் வந்தது. மாடத்தி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"வாங்கண்ணாச்சி. எம் மருமகளைக் கொஞ்சம் பாருங்களேன். பத்து நாளா அவளுக்குச் சோறு எறங்கல. காலைல ஏழு மணி ஆச்சின்னா அழ ஆரம்பிக்கா, சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான் நிறுத்துதா. ஏழு மாசம் அவளுக்கு. எம் மகன் லாரிக்குப் போயிட்டான், நான் என்னத்தச் செய்ய?"

மருமகள் முத்துசெல்வி, வாறுகால் பக்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து, வயிற்றின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். இந்தத் தெருவுக்கு வாழவந்து பதினோரு மாதம்தான் ஆகிறது. எங்கள் வீட்டுப் படியை அவள் மிதித்ததில்லை. கண்ணை மூடியபடியே சொன்னாள்:

"தளவு, தண்ணியாவது குடிச்சிட்டுப் போடா."

தளவாயைத் தளவு என்று கூப்பிடுவது அவன் அம்மா மட்டும்தான். கடைசியாக அவன் போன அன்று அந்த வார்த்தையைச் சண்முகத்தாய் வாசலில் நின்று சொன்னதையும், அவன் கையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பியதையும் பார்த்த ஆள் நான் ஒருவன்தான்.

"யாரு அண்ணாச்சி அந்தத் தளவு?" என்று மாடத்தி கேட்டாள்.

"தெரியலயே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். சண்முகத்தாய் சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டு, முற்றினதை வாங்கி வந்ததற்கு என்னை ஏசினாள். அந்த ஏச்சு எனக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்று சொன்னால்தான் நான் ஏன் வாயை மூடிக்கொண்டேன் என்பது புரியும். அன்றும் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. காலை ஏழு மணிக்கு உள்ளே தண்ணீர் விழும்போதெல்லாம், இருநூற்றுப் பன்னிரண்டு எட்டுக்கு அப்பால் அந்தப் பெண் வாயைத் திறப்பது எனக்குக் கேட்டது.

தெருவுக்குத் தானாகவே தெரிந்துவிட்டது. முத்துசெல்வி அழுத அழுகையில் தெய்வானையின் புருஷன் பெயரும் வந்தது, எட்டாம் வீட்டுக்காரரின் செத்துப்போன தங்கச்சி பெயரும் வந்தது. ஆளுக்கொரு இளநீர் கொண்டுபோய்க் கொடுத்துப் பார்த்துவிட்டு வந்தார்கள். வந்து, வரிசையில் நின்றார்கள். கூட்டம் போட்டுப் பேசினார்கள்.

"வளைகாப்பு முடிச்சு அம்மா வீட்டுக்கு அனுப்பிர வேண்டியதான?"

"அவளுக்கு ஏது அம்மா?"

"அவ போனா மாடத்தி அழுவா. அந்தச் சுவர்ல யாரு சாஞ்சாலும் அழணும்."

"குழாய் போட்டுக் கம்மாய்ல விட்டுருவோம்."

"விட்டா மீன் அழும். அந்த மீனை நீதான திம்ப?"

சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம் என்று முடிவு செய்தார்கள். அந்த வாரத்தில் ஒரு நாள்கூட யாரும் முறையை விட்டுக்கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரி நர்சு வந்து முத்துசெல்வியின் வயிற்றை அளந்துவிட்டு, பிள்ளை போன வாரம் இருந்த அளவிலேயே நிற்கிறது, நாளை மறுநாள் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று சொல்லிப் போனாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மாடத்தி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சண்முகத்தாய் தோளில் துண்டோடு, வாக்கரைப் பிடித்துக் குளியலறைக்குப் பாதி தூரம் போயிருந்தாள்.

"மதினி, இன்னைக்கு ஒரு நாள் குளிக்காம இருப்பீகளா? நாளைக்கு எம் மருமகளுக்கு ஸ்கேன். ஒரு நாளாவது அவ சாப்பிடட்டும்."

"நான் குளிக்கிறதுக்கும் அவ சாப்பிடுறதுக்கும் என்ன மாடத்தி?"

மாடத்தி என்னைப் பார்த்தாள். சண்முகத்தாயும் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். தளவு என்ற வார்த்தை வந்தபோது அவள் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை; பக்கத்து ஊர்க்காரன் பெயரைக் கேட்ட மாதிரி இருந்தது. அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"எத்தன நாளாத் தெரியும் உங்களுக்கு?"

"ஒம்பது நாள்."

"எண்ணிக்கிட்டு இருந்தீகளாக்கும்."

துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு அவள் வாசல் பக்கம் திரும்பினாள். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததைத் தவிர, அவள் தெருவில் இறங்கி ஆறு வருடம் ஆகிறது. எனக்கு இருநூற்றுப் பன்னிரண்டு எட்டான தூரம், வாக்கரை வைத்து வைத்து நடந்த அவளுக்கு ஐந்நூற்றுக்கும் மேலே ஆனது. பிடிக்கப்போன என் கையை இரண்டு தடவை தட்டிவிட்டாள்.

முத்துசெல்வி சுவரோரத்தில்தான் இருந்தாள். கன்ன எலும்பு தெரிந்தது. சண்முகத்தாய் அவளுக்கு எதிரே மாடத்தி போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, அவள் வயிற்றைப் பார்த்தாள். பிறகு, கடையில் சாமான் விசாரிக்கிற மாதிரிக் கேட்டாள்:

"அவன் அன்னைக்கு என்ன சட்டை போட்டிருந்தான்?"

"கட்டம் போட்டது, பெரியம்மா. ரெண்டாவது பொத்தான் மட்டும் கருப்பு நூல்ல தச்சிருக்கும். வெள்ளை நூல் தீந்துபோச்சு. அவன் அவசரப்பட்டான், அவன் போட்டிருந்த சட்டையிலயே வச்சு நீங்க தச்சீங்க. நூலைப் பல்லால கடிச்சு அத்தீங்க. அவன் நெஞ்சு உங்க மூக்குல இடிச்சிச்சு. பவுடர் வாசம்."

சண்முகத்தாய் தன் வலது கை விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கு ஒண்ணும் தோணலியே" என்றாள். "நான்தான தச்சேன்? எனக்கு ஒண்ணுமே தோணலியே." அப்புறம் குரல் மாறியது. "ஏ பிள்ள, இது எனக்குள்ளது. எம் புள்ளைக்கு நீ ஏன் அழுத? ஒனக்கு ஒம் புள்ள இருக்கு."

"நான் என்ன பெரியம்மா செய்ய, வந்துக்கிட்டே இருக்கு."

சண்முகத்தாய் என் பக்கம் திரும்பினாள். "கொத்தனாரைக் கூப்பிடுங்க. உடைக்கணும்."

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் வாசலில் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். தெய்வானை கதவுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள்.

"மதினி, உங்களுக்கு உங்க புள்ள வேணும்னா நீங்க குளிக்காம இருங்க. எங்களுக்கு எதுக்கு உடைக்கீக? பதினெட்டு வருசம் கழிச்சு இந்த மூணு வாரமாத்தான் நான் மனுசியா இருக்கேன்."

"நானும் அப்பிடித்தான் இருந்தேன் தெய்வான. சோத்துக்கு ருசி வந்துது, இவுகள ஏசுறதுக்குத் தெம்பு வந்துது. வேண்டாம்னு சொல்லுவேனா? ஆனா ஓடிப்போன ஒம் புருசனுக்கு, கட்டுன புருசன் முகத்தைப் பாத்தே ரெண்டு மாசமான பிள்ள ஒருத்தி அழுதுக்கிட்டு இருக்கா. போய்ப் பாரு. பாத்துட்டு வந்து கதவை மறி."

தெய்வானை போய்ப் பார்க்கவில்லை, முன்பே பார்த்திருந்தாள். கையை மெதுவாக இறக்கினாள். ஆனால் விலகவில்லை.

ஞானமுத்து சம்மட்டியோடு வந்தவர், தரையைப் பார்த்துவிட்டு அதைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணாச்சி, ஆளை விடுங்க. வேற எத வேணும்னாலும் உடைக்கேன். இத நான் தொடமாட்டேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் நான் பேசினவன் இல்லை, கல்யாண வீட்டில்கூடக் கடைசிப் பந்தியில் சாப்பிடுகிறவன். சம்மட்டியை எடுத்தேன். தெய்வானையிடம், "கொஞ்சம் தள்ளிக்கோம்மா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துத் தள்ளிக்கொண்டாள்.

ஜாலி இருந்த மூலையில் தொடங்கினேன். முதல் கல் மூன்று அடியில் உடைந்தது, ஒன்றும் நடக்கவில்லை. ஏழாவது கல்லில் வெளியே தெய்வானை அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பன்னிரண்டாவதில் எட்டாம் வீட்டுக்காரர் தங்கச்சி பெயரைச் சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு கல்லுக்கும் ஒருவர், கொடுத்து வைத்த குடையைத் திரும்ப எடுத்துக்கொள்வது போலத் தன்னுடையதை வாங்கிக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக அவரவர் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். போகிற போக்கில் ஒருவர் என்னைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். திட்டட்டும்.

சண்முகத்தாய் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து, உடைகிற கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டாவது கல். வலது கை விரலை மூக்குக்குக் கொண்டுபோனாள், முகர்ந்தாள்.

"பவுடர்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அழுத அழுகையை நான் அந்த ஆறு வருடத்திலும் கேட்டதில்லை. செத்த வீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை. நான் நிறுத்தவில்லை. முப்பத்தொன்றில் எனக்கும் வந்தது: அவன் கையை ஆட்டியது எனக்கு, அவளுக்கு இல்லை, நான் அன்றைக்குப் பதிலுக்குக் கையை ஆட்டவில்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். சம்மட்டி வழுக்குகிற அளவுக்குக் கை நனைந்துவிட்டது.

கடைசிக் கல் உடைந்தபோது தெருவில் ஓடிவருகிற சத்தம் கேட்டது. மாடத்தி மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றாள்.

"மதினி, அவ சோறு கேக்கா. வீட்ல பழையசோறுதான் கெடக்கு, அதுவே போதும் கொண்டான்னு சத்தம் போடுதா. குடுக்கவா?"

சண்முகத்தாய் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அழுகை வந்துகொண்டே இருந்தது.

"வயித்துப் புள்ளக்காரிக்குப் பழசு குடுக்காத மாடத்தி. கால்மணி நேரம் பொறுக்கச் சொல்லு. என்னங்க, உலையை வைங்க."

நான் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். உடைந்த கல் எது, நிலைப்படி எது என்று எனக்குத் தெரியவில்லை.

"கண்ணு தெரியலயா?" என்று அவள் அழுதுகொண்டே கேட்டாள். "எனக்கும் தெரியல. என் தோளைப் பிடிச்சுக்கிட்டு வாங்க. அந்தப் பிள்ள பசியோட இருக்கா."